விழித்திருக்கும் சுண்டெலியின் மூளை

மும்பை மாநகரின் காட்கோபர் ரயில் நிலையத்தை அடுத்த கடைத்தெருவில், நள்ளிரவில் மனித நடமாட்டம் ஓய்ந்ததும் எலிகளின் நடமாட்டம் தொடங்குகிறது. சாக்கடையின் வாயிலிலிருந்து புறப்படும் எலியொன்று தானியக் கடையின் கதவிடுக்கை நோக்கி நேராகச் செல்கிறது. வழியில் ஓரிடத்தில் வளைந்தும், மற்றோரிடத்தில் நின்று மோப்பம் பிடித்தும் முன்னேறுகிறது. ஆள் அரவம் கேட்டதும் வந்த வழியே பிழையின்றித் திரும்பிவிடுகிறது. எந்த மூலையில் உணவு உண்டு, எந்த ஒலியின் பின் ஆபத்து வரும் என்னும் செய்திகள் யாவும் அதன் மூளையில் எங்கோ பதிந்திருத்தல் வேண்டும். அம்மூளையின் எடையோ ஏறத்தாழ 2 கிராம் மட்டுமே.

எலியை மும்பை மக்கள் நண்பனாகக் கருதியதில்லை. 1896-ஆம் ஆண்டில் இந்நகரில் பரவிய கொள்ளை நோய்க்கும், இன்றும் மழைக் காலத்தில் தேங்கிய நீரின் வாயிலாகத் தொற்றும் எலிக் காய்ச்சலுக்கும் இப்பிராணி காரணமாக இருந்து வருகிறது. ஆயினும், நினைவு என்பது யாது, அது மூளையில் எவ்வாறு உருவாகிறது என்னும் வினாக்களுக்கு விடை காண்பதில், எலியும் அதன் சிறிய உறவினமாகிய சுண்டெலியும் விஞ்ஞானிகளுக்கு இன்றியமையாத துணையாக விளங்குகின்றன.

சுண்டெலியின் மூளை ஏறத்தாழ 0.4 கிராம் எடையுள்ளது. அதில் சுமார் 7 கோடி நரம்பணுக்கள் உள்ளன. மனித மூளையில் இவற்றின் எண்ணிக்கை சுமார் 8,600 கோடி. அளவில் இத்தனை வேறுபாடு இருப்பினும், இரு மூளைகளின் அடிப்படை அமைப்பு பெரிதும் ஒத்திருக்கிறது. குறிப்பாக, கடற்குதிரையை ஒத்த வடிவத்தால் ஹிப்போகாம்பஸ் எனப் பெயர் பெற்ற பகுதி இரண்டிலும் உண்டு. புதிய நினைவுகள் உருவாவதற்கு இப்பகுதி தேவை என்பது 1957-இல் தெளிவாயிற்று. வலிப்பு நோயைத் தணிப்பதற்காக 1953-இல் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்க இளைஞருக்கு மூளையின் இரு புறங்களிலும் இப்பகுதியின் பெரும் பாகம் அகற்றப்பட்டது. அதன் பின்னர், சற்று முன் சந்தித்தவரைக்கூட அவரால் நினைவில் வைத்திருக்க இயலவில்லை. 2008-இல் அவர் இறக்கும் வரை இந்நிலை மாறவில்லை.

உறக்கத்தில் கேட்ட வினா

ஒரு பிராணியின் மூளையைச் சோதிக்க வேண்டுமாயின் அதற்கு மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைப்பதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. இம்முறையில் பல பயன்கள் உண்டு. பிராணிக்கு வலி தெரிவதில்லை, அது அசைவதில்லை, கருவிகளும் நிலை பெயர்வதில்லை. இம்முறையால் கிடைத்த அறிவும் சிறிதன்று. 1990-இல் சேஜி ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி, அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில், ரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவு மாறும்போது காந்த ஒத்திசைவுப் படத்தில் மாறுதல் தோன்றுவதைக் கண்டார். இன்று மருத்துவமனைகளிலும் ஆராய்ச்சிக் கூடங்களிலும் மனித மூளையின் தொழிலைப் படம் பிடிக்கும் முறைக்கு இதுவே அடிப்படையாகும். அக்கண்டுபிடிப்பு நிகழ்ந்தது மயக்கமுற்ற எலிகளின் மூளையில்தான்.

ஆனால் மயக்க நிலையில் கேட்கக் கூடிய வினாக்களுக்கு ஓர் எல்லை உண்டு. உறங்கும் எலி வழி தேடுவதில்லை. இரண்டு வாயில்களில் எதனுள் நுழைவது என அது முடிவு செய்வதில்லை. மேலும், மயக்க மருந்து நரம்பணுக்களின் துடிப்பையும் ரத்த ஓட்டத்தையும் மாற்றிவிடுகிறது. ஆகவே அந்நிலையில் காணப்படுவது, தொழில் நிறுத்தப்பட்ட ஆலையைச் சுற்றிப் பார்ப்பது போன்றதாகும். இயந்திரங்கள் எங்கெங்கு உள்ளன என்பது தெரியும்; அவை எவ்வாறு சேர்ந்து இயங்குகின்றன என்பது தெரியாது.

விழித்திருக்கும் பிராணியில் கிடைத்த சிறந்த செய்திகளுள் ஒன்று 1971-இல் வெளியாயிற்று. லண்டனில் ஜான் ஓகீஃப், ஜானதன் டொஸ்ட்ரோவ்ஸ்கி ஆகிய இருவரும், தடையின்றி நடமாடும் எலியின் ஹிப்போகாம்பஸில் மெல்லிய மின்கம்பிகளைப் பொருத்தினர். எலி ஒரு குறிப்பிட்ட இடத்திற்கு வரும்போது மட்டும் ஒரு குறிப்பிட்ட நரம்பணு துடிப்பதை அவர்கள் கண்டனர். இவை இட அணுக்கள் எனப் பெயர் பெற்றன. இத்துறைப் பணிக்காக ஓகீஃபுக்கும், மே-பிரிட் மோஸர், எட்வர்ட் மோஸர் ஆகியோருக்கும் 2014-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. காட்கோபர் எலி தன் வழியை அறிந்திருப்பதும் இத்தகைய அணுக்களின் துணையாலேயே எனக் கொள்ளலாம்.

எனினும் மின்கம்பி, தனக்கு மிக அருகிலுள்ள அணுக்களின் துடிப்பையே உணரும். எந்த அணு எந்த அணுவின் அண்டையில் உள்ளது, இன்று துடித்த அணுவே நாளையும் துடிக்கிறதா என்பவற்றை உறுதியாகக் கூறுவது அம்முறையில் கடினம். இதற்கு அணுக்களைக் கண்ணால் காண்பதே வழியாகும்.

ஒளிரும் அணுக்கள்

நரம்பணு துடிக்கும்போது வெளியிலிருந்து கால்சியம் அதனுள் புகுகிறது. சாதாரண நிலையில் அணுவினுள் மிகச் சிறிதளவே உள்ள கால்சியம், துடிப்பின்போது பன்மடங்கு பெருகிப் பின்னர் தணிகிறது. கால்சியத்துடன் சேரும்போது ஒளிரக்கூடிய ஒரு பொருளை அணுவினுள் வைத்துவிட்டால், துடிக்கும் அணு விளக்குப் போல் பிரகாசிக்கும்.

இதற்கான பொருள்களுள் ஒன்று கடலிலிருந்து கிடைத்தது. ஒருவகை ஜெல்லி மீனிலுள்ள பச்சை ஒளிர் புரதத்தை ஒசாமு ஷிமோமுரா 1962-இல் பிரித்தெடுத்தார். இப்புரதத்தைச் சிறிது மாற்றி, கால்சியத்தைப் பற்றும் மற்றொரு புரதத்துடன் இணைத்து, ஜிகேம்ப் என்னும் புரதத்தை ஜப்பானில் ஜூனிச்சி நகாயும் அவருடைய கூட்டாளிகளும் 2001-இல் உருவாக்கினர். பின்னர் பலரால் திருத்தப்பட்ட அதன் வகைகள் இன்று உலகெங்கும் பயன்படுகின்றன. இப்புரதத்தை ஆக்குவதற்கான மரபுச் செய்தியைச் சுண்டெலியின் நரம்பணுக்களில் சேர்த்துவிட்டால், அவ்வணுக்கள் தாமே அதனை உற்பத்தி செய்துகொள்ளும்.

ஒளிரும் அணுவைக் காண்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. மூளை, பாலைப் போன்று ஒளியைச் சிதறடிக்கும் பொருளாகும். சாதாரண நுண்நோக்கியால் நோக்கின் மேற்பரப்பிலுள்ளவை தவிர மற்றவை மங்கலாகிவிடும். இச்சங்கடத்தை நீக்கிய கருவி இரட்டை ஒளித்துகள் நுண்நோக்கி எனப்படும். குறைந்த சக்தியுடைய இரண்டு ஒளித்துகள்களை ஒரே கணத்தில் ஏற்றுக்கொண்டு ஓர் அணுத்திரள் ஒளிரக்கூடும் என மரியா கோப்பெர்ட்-மேயர் 1931-இலேயே கணித்திருந்தார். அக்கணிப்பைக் கொண்டு 1990-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வின்ஃப்ரீட் டென்க், ஜேம்ஸ் ஸ்ட்ரிக்லர், வாட் வெப் ஆகியோர் இந்நுண்நோக்கியை அமைத்தனர்.

இதன் தத்துவத்தைக் காட்கோபர் நிலையத்தின் மாலை நேர நெரிசலைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். மெட்ரோ ரயிலிலிருந்து இறங்கிப் புறநகர் ரயிலை நோக்கிச் செல்வோர், அகன்ற தளத்தில் நடக்கையில் ஒருவரையொருவர் இடிப்பது அரிது. ஒருவரை இரண்டு பேர் இரு புறமும் ஒரே கணத்தில் இடிப்பது அதனினும் அரிது. ஆனால் அனைவரும் ஒன்று கூடும் குறுகிய படிக்கட்டில் அவ்வாறு நிகழ்வது சாதாரணம். அதுபோல, லேஸர் ஒளி குவியும் ஒரே புள்ளியில்தான் இரண்டு ஒளித்துகள்கள் ஒருசேர ஓர் அணுத்திரளை அடைகின்றன. அப்புள்ளி மட்டும் ஒளிர்கிறது. அதற்கு மேலும் கீழும் உள்ளவை இருளிலேயே இருக்கின்றன. நெரிசலை உண்டாக்குவதற்காக, ஒரு வினாடியின் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் துடிப்புக்களாக ஒளி அனுப்பப்படுகிறது. அவ்வொளி மூளைத் திசுவை எளிதில் ஊடுருவும் அகச்சிவப்பு வகையைச் சேர்ந்தது. புள்ளி புள்ளியாக ஒளியை நகர்த்தி, மேற்பரப்பின் கீழ் சில நூறு மைக்ரான் ஆழத்திலுள்ள அணுக்களின் படத்தைத் தீட்டிவிடலாம்.

மிதக்கும் பந்தின்மேல் ஓட்டம்

இத்தகைய நுண்நோக்கி மேஜையை அடைத்து நிற்கும் பெரிய கருவியாகும். ஓடும் சுண்டெலியைப் பின்தொடர்வது அதனால் இயலாது. இதற்கு ஓர் எளிய உபாயம் கண்டு, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் டாங்க் என்பாரின் குழுவினர் 2007-இல் வெளியிட்டனர். இலேசான நுரைப் பொருளாலான ஒரு பந்து, கீழிருந்து வீசும் காற்றினால் தாங்கப்பட்டு மிதக்கிறது. சுண்டெலியின் தலை நுண்நோக்கியின் கீழ் அசையாமல் பொருத்தப்படுகிறது. கால்கள் பந்தின் மீது உள்ளன. சுண்டெலி ஓடும்போது பந்து உருளுகிறது. பிராணி இருந்த இடத்திலேயே இருக்கிறது. பின்னர் அதனைச் சுற்றி ஒரு திரை அமைக்கப்பட்டு, பந்தின் உருளலுக்கேற்ப நகரும் பாதையின் காட்சி அதில் காட்டப்பட்டது. திரையில் தோன்றும் பாதையில் தான் ஓடுவதாகவே சுண்டெலி நடந்துகொண்டது. பாதையின் இறுதியில் அதற்குச் சிறிது நீர் பரிசாகக் கிடைத்தது. 2010-இல் இம்முறையில் இட அணுக்களையே நேரில் படம் பிடித்தனர்.

சுண்டெலியின் ஹிப்போகாம்பஸ், மூளையின் மேற்பரப்பிற்குச் சுமார் ஒரு மில்லி மீட்டர் கீழே உள்ளது. அதனைக் காண்பதற்கு, மயக்க நிலையில் அறுவை செய்து, மேலுள்ள மூளைத் திசுவில் சிறு பகுதியை அகற்றிக் கண்ணாடிச் சாளரம் அமைக்க வேண்டியுள்ளது. இம்முறையின் விலை இது என்பதை மறைப்பதற்கில்லை. அறுவைக்குப் பின்னரும் பிராணி முன்போலக் கற்கிறதா, நடக்கிறதா என்பதை உறுதி செய்த பின்னரே சோதனை தொடங்கப்பட வேண்டும்.

பெங்களூரில் ஒரு பரிசோதனை

நம் நாட்டில் இத்துறையில் நடந்த குறிப்பிடத்தக்க பரிசோதனை ஒன்றின் வேர், மும்பையிலேயே உள்ளது எனலாம். மும்பையின் தென்கோடியில் கொலாபாவிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், ஹோமி பாபாவின் அழைப்பை ஏற்று 1962-இல் சேர்ந்த ஒபைத் சித்திக்கி, அங்கு மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கினார். பின்னர் பழ ஈயின் மோப்ப உணர்ச்சியை ஆராய்ந்து புகழ் பெற்ற அவர், 1990-களின் தொடக்கத்தில் பெங்களூரில் தேசிய உயிரியல் விஞ்ஞான மையம் உருவாகக் காரணமானார். அம்மையம் டாட்டா நிலையத்தின் ஒரு பகுதியாகவே இயங்கி வருகிறது.

அங்கு உபிந்தர் பல்லாவின் சோதனைச்சாலையில் நடந்த ஆராய்ச்சியொன்று, வாசனை இடப்புறமிருந்து வருகிறதா, வலப்புறமிருந்து வருகிறதா என்பதை எலி ஓரிரு மோப்பங்களிலேயே அறிந்துவிடுகிறது என 2006-இல் காட்டியது. அதே சோதனைச்சாலையில் மெஹ்ராப் மோதி, ஆஷேஷ் தவாலே, பல்லா ஆகியோர் செய்த மற்றோர் ஆராய்ச்சி 2014-இல் வெளியாயிற்று. விழித்திருக்கும் சுண்டெலி ஒன்றைக் கற்றுக்கொள்ளும்போதே அதன் ஹிப்போகாம்பஸ் அணுக்களை இரட்டை ஒளித்துகள் நுண்நோக்கியால் நோக்குவது அதன் வழிமுறையாகும்.

சுண்டெலிக்கு அளிக்கப்பட்ட பாடம் எளியது. முதலில் ஓர் ஒலி கேட்கும். ஒலி நின்றபின் ஏறத்தாழ கால் வினாடி நேரம் ஒன்றும் நிகழாது. அதன்பின் கண்ணருகே மெல்லிய காற்று வீசும். காற்றுப் பட்டதும் கண்ணிமை மூடுவது இயல்பு. இவ்விரண்டும் பலமுறை இணைந்து வந்தபின், காற்று வருமுன்னரே சுண்டெலி கண்ணை மூடத் தொடங்கினால் அது பாடத்தைக் கற்றுவிட்டது என அறியலாம்.

இப்பாடத்தின் சூட்சுமம் இடையிலுள்ள அந்த வெற்று நேரத்தில் அடங்கியுள்ளது. ஆடி மாத மழை இரவில் காட்கோபரின் குன்றுச் சரிவிலுள்ள வீடொன்றில், மின்னலைக் கண்ட குழந்தை இடி கேட்குமுன்னரே காதுகளைப் பொத்திக்கொள்கிறது. மின்னல் மறைந்துவிட்டது, இடி இன்னும் வரவில்லை. இடைப்பட்ட நேரத்தில் மின்னலின் செய்தியை மூளை எதிலோ தாங்கி வைத்திருத்தல் வேண்டும். ஒலியும் காற்றும் இடைவெளியின்றி வருமாயின் ஹிப்போகாம்பஸ் இல்லாமலே பிராணி அதனைக் கற்றுவிடும். இடைவெளி உண்டானால் அப்பகுதி தேவைப்படுகிறது.

பெங்களூர் ஆராய்ச்சியாளர்கள் கண்டது யாதெனில், பாடத்தைக் கற்ற சுண்டெலியில், ஒலி தொடங்கியது முதல் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, தத்தமக்குரிய கணத்தில் துடித்தன. தீ அணைக்கும்போது வரிசையில் நின்று நீர்க்குடத்தைக் கைமாற்றுவோரைப் போல, ஒலியின் செய்தியை அவை காற்று வரும் நேரம் வரை கொண்டுசென்றன. இரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே காலத்தின் மீது இவ்வாறு ஒரு பாலம் அமைந்தது.

மற்றொரு முடிவு இதனினும் வியப்புக்குரியது. ஒலியோ காற்றோ இல்லாத வேளையிலும் நரம்பணுக்கள் தாமாகத் துடிப்பதுண்டு. பின்னர் ஒரே கணத்திற்கு உரியவையாக அமையும் அணுக்களின் இத்தன்னியல்பான துடிப்புக்களில், சுண்டெலி கற்றதன் அடையாளத்தைக் காட்டுவதற்குச் சற்று முன்னரே, ஒற்றுமை மிகுந்தது. அதாவது, கற்றல் நடத்தையில் வெளிப்படுமுன் அணுக்களுக்கிடையே உள்ள உறவு மாறத் தொடங்கியிருந்தது. மேலும், ஒரே கணத்தில் துடிக்கும் அணுக்கள் அண்டை அயலில் இருக்கவில்லை. அங்குமிங்குமாகச் சிதறிக் கிடந்தன. ஆனால் தன்னியல்பாகச் சேர்ந்து துடிப்பவை தனித்தனிக் கூட்டங்களாக அமைந்திருந்தன. கற்றலின் பயனாக அக்கூட்டங்களின் அமைப்பும் மாறியது. அணுக்களை அவை இருக்குமிடத்திலேயே படமாகக் கண்டதனாலேயே இம்முடிவு சாத்தியமாயிற்று. மயக்கமுற்ற சுண்டெலியில் இப்பாடத்தை நடத்தியிருக்கவே இயலாது.

தலையில் சுமக்கும் நுண்நோக்கி

தலை பொருத்தப்பட்ட சுண்டெலி, தெருவில் ஓடும் எலியைப் போன்றதன்று. ஆகவே நுண்நோக்கியையே சிறிதாக்கிப் பிராணியின் தலையில் ஏற்றும் முயற்சி நடந்தது. 2011-இல் குணால் கோஷ், மார்க் ஷ்னிட்ஸர் ஆகியோரும் கூட்டாளிகளும் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில், 2 கிராமுக்கும் குறைந்த எடையுள்ள நுண்நோக்கியை அமைத்தனர். 20 முதல் 30 கிராம் எடையுள்ள சுண்டெலி அதனைச் சுமந்துகொண்டு தடையின்றி நடமாடியது.

இக்கருவியைக் கொண்டு ஷ்னிட்ஸர் குழுவினர் பல வாரங்கள் ஒரே அணுக்களைப் பின்தொடர்ந்து, 2013-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். சுண்டெலி அதே பாதையில் நாள்தோறும் ஓடியபோதிலும், ஒவ்வொரு நாளும் துடித்த இட அணுக்களின் கூட்டம் வெவ்வேறாக இருந்தது. ஏதேனும் இரு நாட்களுக்குப் பொதுவாக இருந்தவை 15 முதல் 25 சதவீதமே. ஆனால் அப்பொது அணுக்கள் தத்தம் இடத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பாதையை வாரக்கணக்கில் குறித்து வைக்க அவையே போதுமானவையாக இருந்தன. நினைவு என்பது கல்வெட்டைப் போன்று ஒருமுறை வெட்டப்பட்டு நிலைத்திருப்பது என்ற எண்ணத்தை இது மறுபரிசீலனைக்கு உள்ளாக்கியுள்ளது. தலையில் சுமக்கும் நுண்நோக்கியின் வரைபடங்களைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் கிளையினர் எவரும் பயன்படுத்திக்கொள்ளுமாறு பொதுவில் வெளியிட்டுள்ளனர். பெருந்தொகை செலவிட இயலாத சோதனைச்சாலைகளும் இக்கருவியைத் தாமே அமைத்துக்கொள்ள இதனால் வழி ஏற்பட்டுள்ளது.

அஞ்சிய எலி தரும் விடை

மேற்கூறிய முறைகள் அனைத்திற்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு. விழித்திருக்கும் பிராணி அச்சமின்றியும் இருத்தல் வேண்டும். இது இரக்கம் கருதி மட்டும் கூறப்படுவதன்று. அஞ்சிய எலியின் ரத்தத்தில் அச்சத்திற்குரிய சுரப்புக்கள் மிகும். இதயத் துடிப்பும் மூச்சும் விரையும். திமிறும் தலையினால் படம் கலையும். அந்நிலையில் கருவி பதிவு செய்வது கற்றலின் அடையாளத்தையா, கலவரத்தின் அடையாளத்தையா என்று கூற முடியாது. காந்த ஒத்திசைவுக் கருவியில் இத்தொல்லை இன்னும் பெரிது. அதன் ஓசையும் குறுகிய குழலும் எலிக்கு அச்சமூட்டுபவை.

எனவே பல நாட்கள் பழக்கத்திற்கே செலவிடப்படுகின்றன. சுண்டெலி முதலில் சோதனையாளரின் கையில் இருந்து பழகுகிறது. பின்னர் சில நிமிடங்கள் மட்டும் கருவியில் வைக்கப்பட்டு, பரிசு பெற்றுத் திரும்புகிறது. நேரம் சிறிது சிறிதாக நீட்டப்படுகிறது. அது தானே பந்தின்மேல் ஓடத் தொடங்கிய பின்னரே அளவீடு ஆரம்பமாகிறது. பொறுமையற்ற ஆராய்ச்சியாளர் இந்நாட்களைக் குறைப்பாராயின், அவர் பெறும் எண்கள் துல்லியமாகத் தோன்றினும் பொய்யாகவே இருக்கும். பிராணியின் நலமும் முடிவின் உண்மையும் இங்கு ஒன்றையொன்று சார்ந்துள்ளன.

நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமும், அதன்கீழ் 1998-இல் வகுக்கப்பட்ட விதிகளும் இத்தகைய சோதனைகளைக் கட்டுப்படுத்துகின்றன. ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ள ஒழுக்க நெறிக் குழுவின் அனுமதி பெற்ற பின்னரே சோதனை தொடங்கலாம். படமெடுக்கும் முறையால் மற்றொரு நன்மையும் விளைகிறது. ஒரே பிராணியைப் பல வாரங்கள் நோக்க முடிவதனால், ஒவ்வொரு கட்டத்திற்கும் தனித்தனிப் பிராணிகளைப் பலியிட வேண்டிய தேவை குறைகிறது.

இம்முறைகளின் குறைகளும் கருதத்தக்கவை. கால்சியத்தின் ஒளி, மின் துடிப்பைவிட மெதுவாக எழுந்து மெதுவாகத் தணிகிறது. ஆகவே விரைந்து தொடரும் துடிப்புக்களை எண்ணுவதில் பிழை நேரலாம். ஒரே நேரத்தில் காணக்கூடியது மூளையின் சிறு பகுதியே. சுண்டெலியில் கண்டது மனிதனுக்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்வதற்கும் இல்லை.

ஆயினும் அல்ஸைமர் நோயில் தொடக்கத்திலேயே பழுதுறும் பகுதிகளுள் ஹிப்போகாம்பஸும் ஒன்று. அந்நோயுற்ற முதியவர், பேசப்பட்டது ஒன்று, அதன் விளைவாக நடந்தது மற்றொன்று என இரண்டையும் இணைக்க இயலாமல் தடுமாறுகிறார். இவ்விரண்டிற்கும் இடையே ஆரோக்கியமான மூளை எவ்வாறு பாலம் கட்டுகிறது என்பது தெரியாமல், அப்பாலம் எங்கு இடிந்தது எனக் கண்டறிய இயலாது. அதனைக் காட்டக் கூடியது, விழித்திருந்து, அச்சமின்றித் தன் வேலையைச் செய்யும் ஒரு சிறு பிராணியின் மூளை. காட்கோபரின் கடைத்தெருவில் நள்ளிரவில் வழி தவறாமல் திரும்பும் எலி, அந்த வேலையைத்தான் எவரும் காணாமல் செய்துகொண்டிருக்கிறது.